எண் எங்கே இருக்கிறது?

வேர்டில் ஒழுங்காக அமைத்த ஓர் ஆய்வேட்டைத் திறந்து, ‘1.3 ஆய்வின் எல்லை’ என்ற உட்தலைப்பில் அந்த 1.3-க்கு நடுவே கர்சரை வைக்கப் பாருங்கள். வைக்க முடியாது, கர்சர் ‘ஆ’ எழுத்துக்கு முன்னால் போய் நின்றுகொள்ளும். எண்ணின் மேலேயே கிளிக் செய்தால் அது சாம்பல் நிறம் பூசிக்கொள்ளும், கூடவே அதே அடுக்கைச் சேர்ந்த 1.1, 1.2, 2.1 எல்லாமே சாம்பலாகும். கண்ட்ரோல் எஃப் அழுத்தி 1.3 என்று தேடினால் பொருளடக்கத்தில் கிடைக்கலாம், யாராவது வாக்கியத்துக்குள் கையால் அடித்திருந்தால் அங்கே கிடைக்கலாம். தலைப்பில் மட்டும் கிடைக்காது. கண்ணெதிரே நிற்கிற எண்ணை இல்லை என்று சொன்னால் வேர்டின் கோளாறு என்று ஒதுக்கிவிடத்தான் தோன்றும். ஆனால் தேடல் சொல்வது உண்மை. அந்த எண் ஆவணத்தில் எழுதப்படவே இல்லை; பக்கத்தைத் திரையில் வரையும்போது கணக்குப் போட்டுக் காட்டப்படுகிறது. எண் திடீரென்று 1-க்குத் திரும்பிவிடுவது, நடுவில் ஒரே எண் இரண்டு முறை வருவது, ஏதோ ஓர் எண் மட்டும் தடித்துப்போவது என்று ஆய்வு மாணவர்களும் டெண்டர் தயாரிப்பவர்களும் அன்றாடம் படும் பாடுகளில் பெரும்பாலானவை, கணக்கின் விடையை எழுத்தென்று எண்ணிக் கையாளுவதால் வருபவை. இந்தக் கணக்குக்கான விதியைப் பத்தி பத்தியாக ஒட்டக் கூடாது, ஸ்டைலில் கட்ட வேண்டும் என்பதே இங்கே வைக்கப்படும் வாதம்.

முதல் சான்று ஃபைலின் உள்ளேயே கிடைக்கிறது. 2007-ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து வேர்டு சேமிக்கும் டாக்எக்ஸ் ஃபைல் உண்மையில் ஒரு ஜிப் பொதி. ஒரு நகல் எடுத்து, பெயரின் வாலை ஜிப் என்று மாற்றித் திறந்தால் உள்ளே பல சிறிய ஃபைல்கள் கிடக்கும். அவற்றில் மூன்று நமக்கு வேண்டியவை: டாக்குமென்ட், ஸ்டைல்ஸ், நம்பரிங். டாக்குமென்ட் ஃபைலில் ‘ஆய்வின் எல்லை’ என்ற சொற்கள் இருக்கும். அவற்றுக்கு முன்னால், இந்தப் பத்தியின் ஸ்டைல் ‘ஹெடிங்2’ என்று ஒரு குறிப்பு இருக்கும். அவ்வளவுதான். ஸ்டைல்ஸ் ஃபைலுக்குப் போனால், ஹெடிங்2 என்றால் என்ன எழுத்துரு, எத்தனை பாயின்ட், மேலே கீழே எவ்வளவு இடைவெளி என்பதோடு, அது எந்த எண்பட்டியலைச் சேர்ந்தது, அதில் எத்தனையாவது அடுக்கு என்பதும் எழுதியிருக்கும். நம்பரிங் ஃபைலில் அந்தப் பட்டியலின் ஒன்பது அடுக்குகளும் வரிசையாக இருக்கும். இரண்டாம் அடுக்கின் எதிரே ‘%1.%2’ என்று ஓர் அச்சு. முதல் அடுக்கின் எண்ணைப் போடு, ஒரு புள்ளி வை, இரண்டாம் அடுக்கின் எண்ணைப் போடு என்பது அதன் பொருள். மூன்று ஃபைல்களையும் சல்லடை போட்டுச் சலித்தாலும் அந்தத் தலைப்புக்குரிய 1.3 அகப்படாது. 2006-இல் எக்மா, 2008-இல் ஐஎஸ்ஓ ஆகிய தர நிறுவனங்கள் தரமாக ஏற்ற அமைப்பு இது. லிப்ரே ஆஃபிஸ் பயன்படுத்தும் ஓடிஎஃப் வடிவத்திலும் குறியீடுகளின் பெயர்கள்தான் வேறு. எண் அங்கும் தலைப்பின் எழுத்தில் கலப்பதில்லை.

கணக்கு ஆச்சரியப்படும்படி எளியது. சொற்செயலியின் கையில் ஒன்பது எண்ணிகள் இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். தொடக்கத்தில் எல்லாம் பூஜ்யம். ஆவணத்தை மேலிருந்து கீழே படித்துக்கொண்டே வருகிறது. தலைப்பு ஒன்று எதிர்ப்பட்டால் அது எந்த அடுக்கு என்று பார்த்து, அந்த அடுக்கின் எண்ணியில் ஒன்றைக் கூட்டுகிறது, அதற்குக் கீழுள்ள எண்ணிகளைப் பூஜ்யமாக்குகிறது, மேலுள்ளவற்றைத் தொடுவதில்லை. பிறகு அச்சில் ஊற்றிக் காட்டுகிறது. தலைப்புகளின் அடுக்குகள் 1, 2, 2, 3, 3, 2, 1, 2 என்று வருவதாகக் கொண்டால், கிடைக்கும் எண்கள் 1, 1.1, 1.2, 1.2.1, 1.2.2, 1.3, 2, 2.1. தாளில் ஒருமுறை போட்டுப் பார்த்தால் விளங்கிவிடும். கணிப்பொறியியலில் இதை ஒரு மரத்தின் கிளைகளை வரிசைப்படி சுற்றிவருவது என்பார்கள். வேரிலிருந்து எந்தக் கிளை, அதில் எந்தச் சிறுகிளை என்று ஓர் இலைக்கு வழிசொல்வதுதான் 1.2.2. மெய்யியலாளர் விட்கென்ஸ்டைன் 1921-இல் வெளியிட்ட ‘டிராக்டேட்டஸ்’ முழுவதும் இப்படிப்பட்ட எண்களால் ஆனது: ஏழு முதன்மைக் கூற்றுகள், அவற்றின் மேல் விளக்கம், விளக்கத்தின் மேல் விளக்கம். எந்தக் கூற்று எதற்குக் கட்டுப்பட்டது என்பதை எண்ணே சொல்லிவிடும். அவர் அதையெல்லாம் கையால் கட்டினார் என்பது வேறு விஷயம்.

இந்தக் கணக்குக்குத் தேவைப்படும் உள்ளீடு என்ன என்பதுதான் கவனிக்க வேண்டியது. தலைப்பின் சொற்கள் வேண்டாம், எழுத்தின் அளவு வேண்டாம், பக்க எண் வேண்டாம். ஒவ்வொரு தலைப்பும் எந்த அடுக்கு என்பது மட்டும் வேண்டும். வரிசையோ ஆவணத்திலேயே இருக்கிறது. ‘ஆய்வின் எல்லை’ என்பது முதல் இயலின் பகுதியா, தனி இயலா என்பது எழுதுகிறவருக்குத்தான் தெரியும். இயந்திரத்தால் ஊகிக்க முடியாது. அது முதல் இயலில் எத்தனையாவது பகுதி என்பதை எழுதுகிறவர் சொல்லத் தேவையில்லை, இயந்திரம் எண்ணிக்கொள்ளும். ஆக, மனிதர் தர வேண்டியது அடுக்கு, இயந்திரம் தர வேண்டியது எண். ஹெடிங் 1, ஹெடிங் 2, ஹெடிங் 3 என்ற ஸ்டைல் பெயர்கள் அடுக்கைச் சொல்வதற்கென்றே ஏற்பட்டவை. பெரிய எழுத்து, நீல நிறம் என்று அவற்றின் தோற்றத்தைப் பார்த்து ‘நமக்கு இந்த நிறம் பிடிக்கவில்லை’ என்று ஒதுக்குகிறவர்கள் பலர். நிறத்தை ஒரு நிமிடத்தில் மாற்றிக்கொள்ளலாம். ஸ்டைலை ஒதுக்கும்போது அடுக்கைச் சொல்லும் வழியையும் சேர்த்து ஒதுக்கிவிடுகிறோம் என்பதுதான் இழப்பு.

கையால் எண் போடுவதன் விலையையும் கணக்குப் போடலாம். ஐந்து இயல்கள், இயலுக்கு ஆறு பகுதிகள், பகுதிக்கு மூன்று உட்பகுதிகள் என்று ஓர் ஆய்வேடு. ஓர் இயலில் 1 + 6 + 18, ஆக 25 எண்கள், மொத்தம் 125. நெறியாளர் வரைவைப் படித்துவிட்டு, ‘முன்னாய்வுகளைத் தனி இயலாக்கி இரண்டாவதாக வையுங்கள்’ என்கிறார். பழைய இரண்டாம் இயல் மூன்றாகிறது, மூன்று நான்காகிறது. அவற்றின் உள்ளே ஒரு சொல்கூட மாறவில்லை. ஆனால் நான்கு இயல்களிலும் உள்ள 100 எண்கள் தவறாகிவிட்டன. ‘பகுதி 3.2-இல் காட்டியபடி’ என்று வாக்கியங்களுக்குள் கிடக்கும் சுட்டுகள் இந்தக் கணக்கில் சேரவில்லை. நூறு திருத்தமும் ஒரு மாலைக்குள் முடிந்துவிடும் என்று சொல்லலாம். ஆனால் திருத்தப்பட்டதையும் திருத்தப்படாததையும் பார்த்துப் பிரிக்க வழியில்லை: ‘3.2’ என்று ஓரிடத்தில் இருந்தால் அது புதிய மூன்றா, பழைய மூன்றா? பாதியில் எழுந்து டீ குடிக்கப் போய்விட்டுத் திரும்பினால் எங்கே விட்டோம் என்பதே தெரியாது. எழுத்துப்பிழை கண்ணை உறுத்தும். தவறான எண் சரியான எண்ணைப் போலவே இருக்கும்.

இதை முதலில் உணர்ந்தவர்கள் இயந்திரத்தோடு அல்லாடிய பொறியாளர்கள். ஐபிஎம் நிறுவனத்தில் சார்லஸ் கோல்ட்ஃபார்பும் உடன் பணிபுரிந்தவர்களும் 1969-இல் ஜிஎம்எல் என்ற குறியீட்டு மொழியை உருவாக்கினார்கள். ‘இதைத் தடித்த எழுத்தில் போடு’ என்பதற்குப் பதில் ‘இது தலைப்பு’ என்று மட்டும் குறிப்பது அதன் வழி. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் பிரையன் ரீட் ஸ்கிரைப் என்ற மென்பொருளைக் கட்டினார்; அவருடைய 1980-ஆம் ஆண்டு ஆய்வேட்டின் பொருளும் அதுவே. உள்ளடக்கம் வேறு, தோற்றம் வேறு என்ற கொள்கை அதில் முழு வடிவம் பெற்றது. லெஸ்லி லாம்போர்ட்டின் லேடெக் என்ற ஆவண மென்பொருள் அந்த வழியில் வந்தது. இணையப் பக்கங்களுக்கான சிஎஸ்எஸ் மொழி 1998-இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பிலேயே எண்ணிகளை ஏற்றுக்கொண்டது. கருவிகள் பல, பல பத்தாண்டுகளில், எண்ணை எழுத்திலிருந்து பிரித்து அடுக்கோடு கட்டுவது என்ற அதே முடிவுக்கு வந்திருக்கின்றன. வேர்டும் அதே முடிவுக்குத்தான் வந்தது. ஆனால் அந்த வழியை மெனுவின் ஆழத்தில் வைத்துவிட்டு, அதற்கு நேர்மாறான வழியை ரிப்பனின் முன்வரிசையில் ஒரு பட்டனாக வைத்தது.

இங்கேதான் வலுவான மறுப்பு எழும். ‘தானியங்கி எண்ணை நம்பிக் கெட்டவர்கள்தானே அதிகம்? கையால் அடித்தது தப்போ சரியோ, அடித்த இடத்தில் கிடக்கும். தானாக வரும் எண் இன்று 4 காட்டும், நாளை 1 காட்டும்.’ அனுபவத்தில் பேசுகிறவர்களின் மறுப்பு இது. சோம்பல் என்று தள்ளிவிடக் கூடாது. எண் ஏன் அப்படிக் குதிக்கிறது என்பதைப் பார்த்தால் அது எந்த வழியின் குற்றம் என்பது தெரியும். ஸ்டைல் இல்லாத வெறும் பத்தியில் எண் பட்டனை அழுத்தினால், அல்லது வரியின் தொடக்கத்தில் ‘1.’ அடித்து இடைவெளி விட்டதும் வேர்டு தானாகவே பட்டியலாக்கிவிட்டால், அந்தப் பத்திக்கு நேரடியாக ஒரு பட்டியல் எண் ஒட்டப்படுகிறது. அந்த எண் ஒரு பட்டியல் பிரதியைக் காட்டும். பிரதி ஒரு மூல வார்ப்பைக் காட்டும். ‘மறுபடி 1-இலிருந்து தொடங்கு’ என்றால் அதே வார்ப்பிலிருந்து புதிய பிரதி ஒன்று பிறக்கிறது. இன்னொரு ஃபைலிலிருந்து நான்கு பத்திகளை நகலெடுத்து ஒட்டினால், அவை தங்கள் ஊர் வார்ப்பையும் கூடவே கூட்டிக்கொண்டு வரலாம். பார்வைக்கு ஒரே பட்டியல். கணக்குக்கு மூன்று பட்டியல்கள். ஒவ்வொரு பட்டியலும் தனியாக எண்ணப்படுவதால், நான்காவதாக வர வேண்டியது 1 என்று நிற்கிறது. எரிச்சலில் அதன் மேல் வலது கிளிக் செய்து ‘4-இலிருந்து தொடங்கு’ என்று அமைக்கிறோம். தற்காலிகமாகச் சரியாகிறது. அடுத்த வாரம் மேலே ஒரு பத்தியைச் செருகும்போது அது 4 ஆகிறது. கட்டாயப்படுத்தி வைத்த பழைய 4-ம் 4 ஆகவே நிற்கிறது.

தானியங்கி எண்ணின் மேல் சொல்லப்படும் குற்றச்சாட்டு, ஆகவே, ஸ்டைல் இல்லாத தானியங்கி எண்ணின் மேல்தான் ஒட்டும். அதில் கணக்கு இயந்திரத்தினுடையது. ஆனால் எந்தப் பத்தி எந்தக் கணக்கில் சேரும் என்பது எந்த விதியிலும் அடங்காமல், ஒவ்வொரு கிளிக்கிலும் ஒவ்வொரு நகலெடுப்பிலும் புதிதாகத் தீர்மானிக்கப்படுகிறது. தடித்துப்போகும் எண்ணின் கதையும் இதே வகை. எண்ணுக்கென்று எழுத்து இல்லாததால், அது தன் தோற்றத்தைப் பத்தியின் முடிவில் மறைந்து நிற்கும் பத்திக்குறியிடமிருந்து வாங்கிக்கொள்கிறது. பத்தியின் கடைசிச் சொல்லைத் தடிக்கச் செய்யும்போது தேர்வு ஓரெழுத்து கூடுதலாக நீண்டு அந்தக் குறியையும் பிடித்துவிட்டால், வரியின் மறுகோடியில் எண் தடித்துவிடும். ஹோம் பட்டையில் உள்ள பத்திக்குறி பட்டனை அழுத்தி, மறைந்திருப்பதைத் திரையில் வரவழைத்தால் குற்றவாளி தெரியும்; அதை மட்டும் தேர்ந்து கண்ட்ரோல் பி அழுத்தினால் போதும். எண்ணைத் தடிக்க வேண்டுமா வேண்டாமா என்பது அடுக்கின் அமைப்பிலேயே எழுதப்பட்டிருந்தால், பத்திக்குறி தடித்தாலும் எண் அசையாது.

ஸ்டைலோடு கட்டுவது எப்படி? மல்டிலெவல் லிஸ்ட் பட்டனை அழுத்தினால் விரியும் மாதிரிகளில், எண்களுக்குப் பக்கத்திலேயே ஹெடிங் 1, ஹெடிங் 2 என்று பெயர் போட்டவை சில இருக்கும். கர்சரை ஒரு ஹெடிங் 1 தலைப்பில் வைத்துக்கொண்டு அவற்றில் ஒன்றைத் தேர்வதே குறுக்குவழி. விரிவாகச் செய்ய வேண்டுமென்றால் அதே இடத்தில் ‘டிஃபைன் நியூ மல்டிலெவல் லிஸ்ட்’ என்பதைத் திறந்து, கீழே ‘மோர்’ பட்டனை அழுத்த வேண்டும். அப்போது வலப்பக்கத்தில் ‘லிங்க் லெவல் டு ஸ்டைல்’ என்ற பெட்டி வெளியே வரும். இந்த வேலையின் உயிர்நாடியை ஏன் ‘மோர்’ பட்டனுக்குப் பின்னால் ஒளித்தார்கள் என்பதற்கு நியாயம் எதுவும் தெரியவில்லை. ஒன்றாம் அடுக்குக்கு ஹெடிங் 1, இரண்டுக்கு ஹெடிங் 2 என்று கட்டிவிட்டால், ஃபைலில் இரு திசையிலும் முடிச்சு விழுகிறது: ஸ்டைல் தன் பட்டியலைச் சொல்கிறது, பட்டியலின் அடுக்கு தன் ஸ்டைலைச் சொல்கிறது. பத்தியோ தன் ஸ்டைலின் பெயரை மட்டும் சுமக்கிறது. ஒட்டுவதற்குப் பத்தியில் தனிப் பட்டியல் எண் எதுவும் இல்லாததால் அறுந்துபோகவும் எதுவும் இல்லை. அதே பெட்டியில் ‘லீகல் ஸ்டைல் நம்பரிங்’ என்று ஒரு சிறு கட்டம் இருக்கும். இயல் எண்ணை ரோமன் முறையில் IV என்று போட்டு, பகுதி எண்ணை மட்டும் 4.1 என்று பெற வேண்டுமானால் அதை டிக் செய்தால் போதும். லிப்ரே ஆஃபிஸில் டூல்ஸ் மெனுவிலேயே தலைப்பு எண்ணுக்கென்று தனி இடம் இருக்கிறது. அங்கே பத்து அடுக்குகள். இந்த ஒரு விஷயத்தில் அது வேர்டைவிட நேர்மையானது.

எண் சரியாக வருவது இதன் முதல் பலன்தான். அடுக்கு என்ன என்பது ஒருமுறை ஃபைலில் பதிந்துவிட்டால் மற்றவையும் அதையே பயன்படுத்திக்கொள்கின்றன. பொருளடக்கம் அதிலிருந்து தானாகத் திரள்கிறது. ‘பகுதி 3.2-இல்’ என்று எழுத வேண்டிய இடத்தில் கிராஸ் ரெஃபரன்ஸ் வழியாகச் செருகினால், வேர்டு அந்தத் தலைப்பைச் சுற்றி மறைவான ஒரு புக்மார்க்கை வைத்து, இங்கே அதைச் சுட்டும் ஒரு ஃபீல்டை வைக்கிறது. ஆனால் ஃபீல்டில் தெரிவது கடைசியாகக் கணக்கிட்ட விடையின் நகல். தலைப்பின் எண் அப்போதைக்கப்போது மாறினாலும் இது மாறாது. ஆவணம் முழுவதையும் தேர்ந்து எஃப்9 அழுத்தினால் புதுப்பிக்கும். லேடெக்கை இரண்டு முறை ஓட்டச் சொல்வதும் இதே காரணத்தால்தான்: முதல் ஓட்டத்தில் எண்களைக் கண்டு ஒரு துணை ஃபைலில் எழுதி வைக்கிறது, அடுத்ததில் அவற்றை எடுத்துச் சுட்டுகளில் நிரப்புகிறது. சுட்டிய தலைப்பையே அழித்துவிட்டால், சுட்டப்பட்ட இடம் காணோம் என்ற பொருளில் தடித்த எழுத்தில் ஓர் ஆங்கிலப் பிழைவரி வரும். அச்சான அறிக்கைகளிலும் டெண்டர்களிலும் இந்த வரியைப் பார்த்திருப்போம். பார்க்க அவமானம்தான், ஆனால் கையால் அடித்த சுட்டு அதே நிலைமையில் சத்தமில்லாமல் தவறான பகுதிக்கு வாசகரை அனுப்பியிருக்கும்.

பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் என்விடிஏ போன்ற திரைவாசிப்பான்களையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். அதன் உலாவு முறையில் ‘எச்’ விசையை அழுத்தினால் அடுத்த தலைப்புக்குத் தாவும். 2 என்ற விசையை அழுத்தினால் அடுத்த இரண்டாம் நிலைத் தலைப்புக்குத் தாவும். இருநூறு பக்க ஆவணத்தில் ஒருவர் கண்ணை ஓட்டித் தேடுவதற்கு ஈடான வசதி அது. கையால் ‘1.3’ என்று அடித்துத் தடிக்கச் செய்த வரி அதற்குத் தலைப்பாகத் தெரியாது. மற்றுமொரு பத்தியாகவே படித்துக்கொண்டு போகும்.

மூன்று பக்கக் கடிதத்துக்கு இவ்வளவு ஏற்பாடு எதற்கு என்று கேட்டால், தேவையில்லை என்பதே பதில். ஐந்தாறு எண்கள், ஒரே அடுக்கு, ஒருமுறை அனுப்பினால் முடிந்தது என்ற ஆவணத்தில் கையால் அடிப்பதே வேகம். அடுக்கு இரண்டாகும்போதும், வாக்கியத்துக்குள் எண்ணைச் சுட்டும்போதும், வரைவு இன்னொருவர் கைக்குப் போய்த் திரும்பும்போதும் கணக்கு மாறுகிறது. அந்த இன்னொருவர்தான் அடுத்த மறுப்பு: நாம் எவ்வளவு ஒழுங்காகக் கட்டினாலும், கூட எழுதுகிறவர் எண் பட்டனை அழுத்திக் குலைத்துவிடுவார். உண்மைதான், இதற்கு முழுத் தீர்வு கிடையாது. கட்டி முடித்த ஸ்டைல்களோடு ஒரு டெம்ப்ளேட்டை எல்லோருக்கும் கொடுக்கலாம். வேறு ஃபைலிலிருந்து ஒட்டும்போது வெறும் எழுத்தாக மட்டும் ஒட்டச் சொல்லலாம். முடிந்தால் குறிப்பிட்ட ஸ்டைல்களைத் தவிர மற்ற வடிவமைப்பைப் பூட்டி வைக்கலாம். அதையும் மீறிக் குலைந்தால், குலைந்த பத்தியில் கர்சரை வைத்துக் கண்ட்ரோல் க்யூ அழுத்துங்கள்: நேரடியாக ஒட்டப்பட்டவை உதிர்ந்து, ஸ்டைல் சொன்னது மட்டும் மிஞ்சும். ஸ்டைல் அடியில் இருக்கிற ஆவணத்துக்கு இந்த மீட்பு உண்டு. இல்லாத ஆவணத்தில் எங்கே திரும்பிப் போவது?

எல்லாவற்றிலும் ஆழமான மறுப்பு சட்டத்திலிருந்து வருகிறது. சட்டத்தில் எண் தானாக மாறக் கூடாது. 1950-இல் நடைமுறைக்கு வந்தபோது இந்திய அரசமைப்புச் சட்டத்தில் 395 பிரிவுகள். அதன் பிறகு எத்தனையோ பிரிவுகள் சேர்ந்தன. இன்றும் கடைசிப் பிரிவின் எண் 395-தான். கல்வியுரிமையை 2002-இல் சேர்த்தபோது அது 21-க்கும் 22-க்கும் இடையே 21ஏ ஆனது. அடிப்படைக் கடமைகள் 1976-இல் 51ஏ ஆயின. உள்ளாட்சிகள் 243, 243ஏ என்று தொடங்கி, ஆங்கில நெடுங்கணக்கு தீர்ந்துபோய், 243இசட்ஏ, 243இசட்பி என்று இரட்டை எழுத்துக்குப் போய்விட்டன. 1956-இல் நீக்கிய ஏழாம் பாகத்தின் இடம் இன்றும் காலி. எட்டாம் பாகம் ஏழாகவில்லை. வேர்டின் எண்ணியிடம் விட்டிருந்தால் எல்லாவற்றையும் 1, 2, 3 என்று ‘சரிசெய்து’, அதுவரை வந்த தீர்ப்புகள் சுட்டும் எண்களை எல்லாம் பொய்யாக்கியிருக்கும். சென்னை வீடுகளில் ‘பழைய எண்’, ‘புதிய எண்’ என்று இரண்டு பலகைகள் தொங்குவது, ஒருமுறை எண்ணை மாற்றினால் என்ன நடக்கும் என்பதற்குத் தெருவே தரும் சாட்சி.

இந்த மறுப்பு வாதத்தை முறியடிக்கவில்லை. அதன் எல்லையைக் காட்டுகிறது. எண் இரண்டு வேலைகளைச் செய்கிறது. வரைவில் அது இடம்: இந்தப் பகுதி இப்போது எங்கே நிற்கிறது என்பது. வெளியான பிறகு அது பெயராகிவிடுகிறது. பெயராகிவிட்ட எண் எவ்வளவு பிடிவாதமானது என்பதை இந்தியத் தண்டனைச் சட்டம் காட்டுகிறது. 511 பிரிவுகள் கொண்ட அந்த 1860-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்துக்கு, 2024 ஜூலை 1 முதல் 358 பிரிவுகளோடு பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. கொலைக்கான 302, 103 ஆனது. ஏமாற்றுக்கான 420, 318-க்குள் போனது. ஏமாற்றுக்காரனை 420 என்று திட்டுகிறவர்கள் யாரும் 318-க்கு மாறப் போவதில்லை. குறள் எண்ணும் அப்படிப்பட்டதே. உரையாசிரியர்களிடையே குறள்களின் வரிசை வேறுபட்டிருக்க, இன்று நாம் சொல்லும் எண்கள் பரிமேலழகர் வகுத்த வரிசையில் அமைந்தவை. ஓர் உரைகாரர் வைத்த இடம் இன்று அந்தக் குறளின் பெயர். ஆகவே வரைவு நடக்கும் வரை எண்ணைக் கணக்கிடவும், வெளியிடும் நாளில் உறையவைக்கவும் வேண்டும். பிடிஎஃப் ஆக்கினாலே பாதி உறைந்துவிடும். வேர்டு ஃபைலாகவே நிலைநிறுத்த வேண்டியிருந்தால், தானியங்கி எண்களை வெறும் எழுத்தாக்கும் கட்டளை அதன் மேக்ரோ மொழியில் இருக்கிறது. நகலில் செய்ய வேண்டும். ஒருமுறை எழுத்தாக்கிய எண்ணைத் திரும்பக் கணக்காக்கும் கட்டளை இல்லை.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு ஒரு தனிக் குறை உண்டு. அதற்கு ஸ்டைலாலும் மருந்து இல்லை. டாக்எக்ஸ் தரம் அனுமதிக்கும் எண்வகைகளின் பட்டியல் நீளமானது. ரோமன் எழுத்துகள், ஹீப்ரு, அரபு, தாய்லாந்து எழுத்துகள், ஜப்பானின் பழைய இரோஹா வரிசை, இந்தியின் உயிரெழுத்துகள் தனி, மெய்யெழுத்துகள் தனி. தமிழ் இல்லை. அ), ஆ), இ) என்று உட்கூறுகளை வரிசையிடுவது நம் அரசாணைகளிலும் பாடநூல்களிலும் வினாத்தாள்களிலும் அன்றாட வழக்கம், அதை வேர்டு எண்ணிக் கொடுக்காது. இணையப் பக்கமானால் சிக்கல் இல்லை: சிஎஸ்எஸ் மொழியில் தமிழ் இலக்கங்கள் உள்ளமைந்தே இருக்கின்றன, அ, ஆ, இ வரிசையை நாமே ஓர் எண்வகையாக அறிவித்துக்கொள்ளவும் முடியும். வேர்டில் செய்யக்கூடியது, மேலடுக்குகளை ஸ்டைலோடு கட்டிவிட்டு, கடைசி அடுக்கின் எழுத்தை மட்டும் கையால் அடிப்பது. அப்போதும் அந்த அடுக்குக்கென்று ஒரு ஸ்டைல் வைத்து, உள்தள்ளலையும் டேப் இடத்தையும் அதில் அமைத்துவிட வேண்டும். ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டி நேர்செய்த வரிசை அடுத்த எழுத்துருவில் கோணிப்போகும். 3.2(இ) என்று வாக்கியத்துக்குள் சுட்டும்போது 3.2-ஐக் கிராஸ் ரெஃபரன்ஸாகச் செருகி, (இ)-யைப் பக்கத்தில் அடிக்கலாம். எஃப்9 அழுத்தினால் 3.2 திருந்திவிடும். (இ) இன்னும் (இ)-தானா என்பதை எழுதியவரே போய்ப் பார்த்துவர வேண்டும்.